அச்சு நின்றுபோன பாட்டு

கள்ளக்குறிச்சிப் பக்கம் என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த மாப்பிள்ளை ஊர்வலம் உங்களுக்கு ஞாபகம் வரக்கூடும். கடைத்தெருவில் எதிரே பிணம் வந்தும் நிறுத்தாமல் டிரம்பெட் வாசித்துக்கொண்டே போன பேண்டுக்காரரைப் பற்றி உங்கள் வீட்டிலும் பேசியிருப்பார்கள். திமிர் பிடித்தவன் என்று திட்டியும் இருப்பார்கள். அவர் என் அத்தா, என்னைப் பெற்றவர். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது இருக்கும்.

அத்தா பட்டாளத்து பேண்டில் இருந்துவிட்டு ஊருக்கு வந்து பேண்டு செட் வைத்தவர். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கட்டடம். முன்பக்கம் கடை, பின்பக்கம் நாங்கள். கடைச் சுவரில் சிவப்புக் கோட்டுகள் வரிசையாக ஆணியில் தொங்கும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்து ஈரச் சாக்கு மாதிரி வாடை வரும். விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளே போனால் தலையில்லாத ஆட்கள் சுவரோரம் நிற்பது போலத் தோன்றும். நான் அந்தப் பக்கம் பார்க்காமலே ஓடிவிடுவேன்.

சின்னத்தா, அதாவது அத்தாவின் தம்பி, கிளாரினெட் வாசிப்பார். அவரும் மற்றவர்களும் பாட்டைக் காதால் கேட்டே பிடிப்பவர்கள். தாளில் எழுதிய இசையைப் படிக்கத் தெரிந்தவர் அத்தா ஒருவர்தான். எங்கள் வீட்டில் அதற்கு நொட்டேஷன் என்று பெயர். ஐந்து கோடு, கோட்டின் மேல் புள்ளி, புள்ளிக்கு வால். எனக்கும் சிலேட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே எனக்கு அது வந்துவிட்டது. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று எல்லோரிடமும் காட்டுவார்.

ஊர்வலத்தன்று நானும் அம்மாவும் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்ரோமாக்ஸ் விளக்குகளை இன்னும் ஏற்றவில்லை. அத்தா எல்லோருக்கும் முன்னால், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, துள்ளலான ஒரு சினிமாப் பாட்டை வாசித்து வந்தார். குறுக்குச் சந்திலிருந்து பறை அடித்துக்கொண்டு ஒரு பாடை திரும்பியது. சாவு எதிரே வந்தால் கல்யாண பேண்டு நிற்கும். அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சின்னத்தா கையைத் தூக்கினார். டிரம் நின்றது. மற்ற ஊதல்களும் நின்றன. டிரம்பெட் மட்டும் நிற்கவில்லை. பாடை அவர் தோளை உரசுகிற தூரத்தில் வந்தபோதும் அத்தா அந்தத் துள்ளல் பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

தீச்சட்டி தூக்கி வந்தவர் சட்டியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து டிரம்பெட்டின் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.

"எங்கப்பாரு செத்துக் கெடக்காரு. உனக்குப் பாட்டு கேக்குதா?"

அத்தா கண்ணைத் திறந்தார். பாடையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "கவனிக்கலைங்க. மன்னிச்சுக்குங்க" என்றார்.

"கவனிக்கலியா? மூக்குக்கு நேரா வருது, கவனிக்கலியா?"

நாலு பேர் சேர்ந்து அவர் கோட்டைப் பிடித்தார்கள். பொத்தான்கள் தெறித்து விழுந்தன. பெரியவர்கள் விலக்கிவிட்டார்கள். பள்ளிவாசல் தெரு ஆள், எங்கள் சாவைக் கேலி செய்தான் என்று இரண்டொரு குரல் எழுந்ததும், ஜவுளிக்கடைக்காரர் சத்தமில்லாமல் கதவைச் சாத்த ஆரம்பித்தார். அம்மா என் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள். அந்த ஊர்வலத்தில் அதற்கப்புறம் பேண்டு வாசிக்கவில்லை.

பறையின் அதிர்வு நெஞ்சில் விழுந்ததை எங்கள் டிரம்மின் அதிர்வு என்றே நினைத்து அத்தா வாசித்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னது பல வருடங்கள் கழித்து. அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காது கேட்காதவன் என்று தெரிவதைவிடத் திமிர் பிடித்தவன் என்று பேர் எடுப்பது மேல் என்று நினைத்துவிட்டார்.

அந்த மழைக்காலம் முழுவதும் வீட்டில் எல்லாம் கொஞ்சம் பிசகியே நடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருக்கும், அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார். தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தும் எழுந்திருக்க மாட்டார். அம்மா போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் தொப்பியைத் தேடுவார். அம்மா அவரிடம் எது சொன்னாலும் எதிரே வந்து குந்தி, முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். எவ்வளவு பிரியம் என்று நான் நினைத்துக்கொள்வேன். சின்னத்தா பின்னாலிருந்து கூப்பிட்டால் அத்தா திரும்புவதில்லை. "பாத்தியா? அண்ணனுக்கு நான் இப்ப ஆளா தெரியல. என்னெ பேண்ட வுட்டே தொரத்தப் பாக்குறாரு" என்று சின்னத்தா அம்மாவிடம் கண் கலங்கினார். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

எங்களை யாரும் கூப்பிடவில்லை. சங்கராபுரத்திலிருந்து வேறு செட் வந்து எங்கள் தெரு வழியாகவே வாசித்துக்கொண்டு போனது. நாங்கள் சன்னலைச் சாத்திக்கொண்டோம்.

கார்த்திகை பிறந்த சமயத்தில் மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெங்களூரில் வேலை பார்ப்பவர். அவருக்கு ஓர் ஆசை. விவசாயி பையிலிருந்து பெரிய இசைத்தட்டு ஒன்றை எடுத்தார். உறையில் வெள்ளைக்காரர்கள் டிரம்பெட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டிரம்பெட்டுகளும் டிரம்முமாக வாசித்த வேகமான மேல்நாட்டுப் பாட்டுகள். அதில் மூன்றை ஊர்வலத்தில் வாசிக்க வேண்டும்.

"ஊர்ல உங்களப் பத்தி என்னென்னமோ சொல்றாங்க. எனக்கு அது வேணாம். இந்த மூணு பாட்டு சரியா வாசிப்பீங்களா?" என்றார்.

அத்தா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினார்.

அவர் போனதும் சின்னத்தா கிராமபோன் இருக்கிற வீட்டுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார். "வாண்ணே, போயி கேப்போம். ஒரு வாரத்துல புடிச்சிரலாம்."

"நீங்க கேட்டுப் புடிங்க. எனக்கு நொட்டேஷன் வேணும்."

"இன்னாத்துக்கு? இத்தினி வருசம் காதால கேட்டுத்தானே வாசிச்சிக்கினு இருந்தோம்?"

"தப்பு வரக்கூடாது. இந்த ஒரு கல்யாணம்தான் நமக்கு."

"நான் கேட்டுச் சொன்னா தப்பு வருமா?" சின்னத்தாவுக்கு உதடு துடித்தது. அத்தா கொடியிலிருந்து சட்டையை எடுத்தார்.

மெட்ராசுக்கு என்னையும் கூட்டிப்போனார். மவுண்ட் ரோட்டில் வாத்தியக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பியானோ. கடைக்காரர் பேசும்போதெல்லாம் அத்தா என் பக்கம் திரும்பி, "இன்னா சொல்றாரு? இவங்க பேச்சே வெளங்கல" என்பார். நான் அவரைப் பார்த்துத் திருப்பிச் சொல்வேன். மெட்ராஸ் பேச்சு அவருக்குப் புரியவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பேச்சுக்கும் அதற்கும் அப்படி ஒன்றும் தூரமில்லை என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

"அதெல்லாம் அச்சு நின்னு போச்சுங்க. போட்ட கம்பெனியே இப்ப இல்ல. இந்தியா பூரா தேடுனாலும் கெடைக்காது. ரெக்கார்டு இருக்கில்ல, கேட்டு வாசிக்க வேண்டியதுதானே?" என்றார் கடைக்காரர். மற்ற கடைகளிலும் அதையேதான் சொன்னார்கள்.

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியல்களை மத்தியானம் முழுக்கக் கிளறினோம். தூசியில் எனக்கு மூக்கு ஒழுகியது. கடைசியில் ஒரு கட்டில், மஞ்சளேறி ஓரம் நொறுங்கிய ஒற்றைத் தாள் கிடைத்தது. மூன்றில் முதல் பாட்டு. ஆனால் அது துணைக்கு வாசிக்கும் இரண்டாவது டிரம்பெட்டுக்கான தாள், அத்தாவுக்கு உதவாது. கடைக்காரக் கிழவர் எங்கள் ஊரைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் தூக்கித் தாளைப் பார்த்தார்.

"இத வித்தவரு பெங்களூர்ல பெரிய ஹோட்டல்ல டிரம்பெட் வாசிச்சிக்கினு இருந்தாரு. கேட்டு கேட்டுப் பாத்தேன், மிச்சத்த தர மாட்டேன்னுட்டாரு. இப்ப கல்வராயன் மலையில தோட்டம் வாங்கிக்கினு அங்கியே கீறாராம். உங்க ஊருதானே அது?"

நான் திருப்பிச் சொன்னதும் அத்தா சிரித்துவிட்டார். அந்த வருடம் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மலைக்குப் போக வேண்டாம் என்று அம்மா தடுத்தாள். அவர் எதிரே போய் நின்று, "மேல மழையா பெஞ்சிக்கினு கீது. ஓடையெல்லாம் ரொம்பிப் போயிருக்கும். மழ வுட்டதும் போங்க" என்றாள்.

"வூட்ல குந்திக்கினு இருந்தா நொட்டேஷன் நடந்து வருமா?"

சின்னத்தாவும் கூட வந்தார். அண்ணன் மேல் இருந்த கோபம் தீர்ந்து அல்ல, அவரை நம்பிப் பிள்ளையை அனுப்ப மனமில்லாததால் வந்ததாகச் சொன்னார். கச்சிராயபாளையம் வரை பஸ். அதற்கு மேல் சந்தைக்கு வந்து திரும்பும் மலைக்காரர்களோடு சேர்ந்து நடை. தலையில் உப்பும் கருவாடும் சுமந்து அவர்கள் முன்னால் போனார்கள். மரத்திலிருந்து அட்டை விழுந்தது. வழியெல்லாம் பலா இலை அழுகிய வாடை. மூடுபனியில் முன்னால் போகிறவரின் முதுகு மறைந்து மறைந்து தெரிந்தது. வெறும் கல்லாகக் கிடந்த அகலமான ஓர் ஓடையைத் தாண்டினோம். நடுவில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர்.

ஹோட்டலில் வாசித்தவர் உயரமான கிழவர். அந்தக் குளிரில் பழைய கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். தகரப் பெட்டியைத் திறந்ததும் கற்பூர வாசனையும் கறையான் மண் வாடையும் சேர்ந்து எழுந்தன. அத்தா உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாக விளிம்பைப் பிடித்து எடுத்தார். மூன்று பாட்டும் இருந்தன. மூன்றாவது பாட்டின் கடைசிப் பக்கத்தில் நடுப்பகுதியைக் கறையான் தின்றிருந்தது.

"எடுத்துட்டுப் போக விடமாட்டேன். இங்கே உக்காந்து எழுதிக்கோங்க" என்றார் கிழவர்.

சின்னத்தா பீடி பிடிக்க வெளியே போயிருந்தார். கிழவர் சுவரிலிருந்து டிரம்பெட்டை எடுத்து, அத்தாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, அடி வயிற்றிலிருந்து ஒரு ஊது ஊதினார். தகரக் கூரை அதிர்ந்தது. என் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அத்தா ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

கிழவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். "எத்தனை நாளா, பிரதர்?"

அத்தா என்னைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். "எடது காது போயி ரொம்ப நாளாச்சுங்க. வலது இந்த வருசம்தான். டிரம் அதிர்வு நெஞ்சுல தெரியும். மத்தத கண்ணால பாத்துக்குவேன்."

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா பேண்டு நிக்குமா?"

நான் அழவில்லை. பால் பொங்கியது, அம்மா எதிரே வந்து குந்தியது, மெட்ராஸ் கடை எல்லாம் அப்படியே முன்னால் வந்து நின்றது. பேனாவை எடுத்து ஐந்து கோடு போட ஆரம்பித்தேன். முதல் தாளில் ஆறு கோடு போட்டு வீணாக்கிவிட்டேன்.

எழுதி முடிக்கும்வரை அங்கேயே தங்கினோம். டிரம்பெட்டின் மேல் ஒரு பித்தளைக் கிளிப்பைச் செருகி அதில் தாளை மாட்டலாம். அந்த அளவுக்குச் சிறிதாக எழுதினேன். கறையான் தின்ற இடத்தில் என்ன இருந்தது என்று கிழவரைக் கேட்டேன். அவர் வாய்க்குள் பாடிப் பார்த்துவிட்டு, "மறந்துட்டேன் மா" என்றார். அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்து, "உங்க டாடியை முன்னால தனியா நடக்க விடாதே. பின்னால வர்றது அவருக்குத் தெரியாது" என்றார்.

இறங்கும்போது நான் சின்னத்தாவிடம் சொல்லிவிட்டேன். "அத்தாவுக்குக் காது சுத்தமா கேக்காது சின்னத்தா. அவரே சொன்னாரு."

சின்னத்தா துப்பினார். "உங்கத்தாவுக்கா? அவருக்கு வேண்டியது மட்டும் நல்லா கேக்கும். நான் கூப்புட்டா மட்டும்தான் கேக்காது."

அத்தா வெகு முன்னால் போய்க்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் அவர் நடை வேகமாகியிருந்தது. எழுதிய தாள்கள் எண்ணெய்த்துணியில் சுற்றி என் பையில் இருந்தன. எங்களுக்கு மேலே வானம் தெளிவாக இருந்தது. ஓடைக்கரையில் மலைக்காரர்கள் மூட்டைகளை இறக்கி வைத்து நின்றிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், "மேக்கால மழ புடிச்சிருக்கு. தண்ணி வரும், நில்லுங்க" என்றாள். அத்தா அவர்களைக் கடந்து கற்களுக்குள் இறங்கிவிட்டிருந்தார். அவர்கள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை.

முதலில் வந்தது சத்தம்தான். யாரோ நிலத்துக்கடியில் பாறைகளை உருட்டுவது போல. கரையிலிருந்த நாய் வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது. அத்தா ஓடை நடுவில் ஒரு பாறையில் குனிந்து, கையில் தண்ணீர் அள்ளி முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே!" என்று சின்னத்தா கத்தினார். "யண்ணே! தண்ணி! மேல ஏறு!"

அவர் இன்னொரு கை தண்ணீர் அள்ளினார்.

சின்னத்தா ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் விவரிக்க முடியாது. குனிந்து ஒரு கல்லை எடுத்து அத்தாவின் முதுகில் எறிந்தார். கல் பட்டது. அத்தா திரும்பினார். கரையில் எல்லோருடைய வாயும் திறந்திருப்பதைப் பார்த்தார். அதற்குள் வளைவிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் மரக்கிளைகளோடு வந்துவிட்டது. அதற்கு முன்பே சின்னத்தா ஓடைக்குள் ஓடியிருந்தார்.

இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள். சட்டைக் காலரைச் சின்னத்தா பிடித்திருந்தது மட்டும் தெரிந்தது. கீழே இரட்டைப் பாறையில் முட்டி நின்றார்கள். உருண்டு வந்த ஒரு மரத்துண்டு சின்னத்தாவின் இடது கையைப் பாறையோடு வைத்து அடித்தது. மலைக்காரர்கள் காட்டுக்கொடியைக் கட்டி வீசி இருவரையும் இழுத்துப் போட்டார்கள். சின்னத்தாவின் இடது கை கையாகவே இல்லை.

அந்த வலியிலும் அவர் அத்தாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டார். "நெசமாவே கேக்கலியாண்ணே? இத்தினி நாளும் நெசமாவே கேக்கலியா?"

அத்தா அவர் உதட்டைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். மலைக்காரர்கள் எல்லோரும் இருக்க, சின்னப் பிள்ளை மாதிரி விம்மினார்.

உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் சின்னத்தாவின் இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மீதி மடங்கவில்லை. கிளாரினெட்டுக்குப் பத்து விரலும் வேண்டும். அந்தப் பெட்டியை அம்மா பரண்மேல் ஏற்றிவைத்தாள்.

தை மாதம் மூங்கில்துறைப்பட்டில் ஊர்வலம். மலைக்குப் போகுமுன்பே சின்னத்தாவும் மற்றவர்களும் இசைத்தட்டைக் கேட்டுப் பிடித்திருந்தார்கள், ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததில் எல்லோரும் சேர்ந்து ஒத்திகை பார்க்க நேரமில்லை. ஆலையிலிருந்து கரும்புப்பாகு வாடை தெருவெல்லாம் கனத்துக் கிடந்தது. சின்னத்தா கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அத்தாவைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்தார். வலது கையால் தாளம் காட்டினார். அத்தா தாளையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்து வாசித்தார். நான் பக்கத்திலேயே நடந்து தாளை மாற்றினேன். முதல் பாட்டு இசைத்தட்டில் இருந்தது போலவே இருந்தது. மாப்பிள்ளை காரிலிருந்து தலையை நீட்டிக் கையைத் தட்டினார். இரண்டாவதும் நன்றாகவே போனது. நான் மூன்றாவது பாட்டின் தாளில் வெறுமையாக விட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பாட்டில் கறையான் தின்ற இடம் வந்தது. அத்தா தனக்குத் தோன்றியதை வாசித்து அதைக் கடந்தார். அவருடையது நீளமாகிவிட்டது. மற்றவர்கள் ஒரு பக்கம் போனார்கள், டிரம்பெட் வேறு பக்கம் போனது. கேட்கச் சகிக்கவில்லை. கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. சின்னத்தா கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். அத்தா தாளில் கண்ணை வைத்திருந்தார். தனியாக வாசித்துக்கொண்டே இருந்தார். சின்னத்தா போய் அவர் மார்பில் கையை வைத்தார்.

கரும்பு விவசாயி வேகமாக வந்தார். "இன்னா ஆச்சு? ஏன் நிப்பாட்டிட்டீங்க?"

சின்னத்தா அவருக்கும் கூட்டத்துக்கும் சேர்த்துச் சொன்னார். "எங்கண்ணனுக்குக் காது கேக்காதுங்க. அன்னிக்கி கள்ளக்குறிச்சியிலயும் கேக்கலைங்க. திமிரு இல்ல. கேக்கல, அவ்வளவுதான்."

அடி விழப்போகிறது என்று நினைத்து நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். அத்தா தம்பியின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி சொன்னது முழுக்க அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்க தப்பாச்சு?" என்று கேட்டார்.

சின்னத்தா தாளில் வெறுமையாக இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க. எனக்குத் தெரியும்ணே, நான் கேட்டிருக்கேன்."

அத்தா கிளிப்பைத் தளர்த்தித் தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். டிரம்பெட்டின் வாயைச் சட்டை முனையால் துடைத்தார். சின்னத்தாவின் கழுத்துத் தூளியில் கிடந்த கட்டுக்கையின் மேல் அதைச் சாய்த்து வைத்து, தம்பியின் வலது கையை எடுத்து அதன் மூன்று பொத்தான்களின் மேல் வைத்தார்.

"இதுக்கு ஒரு கை போதும்டா."

சின்னத்தா சின்ன வயதில் அண்ணனின் டிரம்பெட்டில்தான் ஊதப் பழகியவர். இருந்தாலும் பல வருடம் ஆகியிருந்தது. முதல் ஊதலில் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவதில் கரகரத்தது. மூன்றாவதில் பாட்டு வந்தது. உடைந்து, மூச்சு வாங்கி, ஆனால் சரியான இடத்தில் வந்தது. டிரம் சேர்ந்துகொண்டது. கார் நகர்ந்தது.

அத்தாவும் கூடவே நடந்தார். எத்தனையோ வருடமாக ஊர்வலத்தில் வெறுங்கையோடு நடந்து பழக்கமில்லாதவர். கைகளைப் பின்னால் கட்டினார், அவிழ்த்தார், கோட்டுப் பையில் விட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு கையை என் தோளில் வைத்துக்கொண்டார்.